எண்ணில்லாத மனிதர்களும் மலையகமும்

கணினி விளையாட்டு என்றதும், பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளைகளின் நேரத்தை விழுங்கும் தொல்லை என்றே பெற்றோரில் பெரும்பாலானோர் கருதுகின்றனர். அக்கருத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், அமெரிக்காவில் உருவான ஒரு விளையாட்டின் கதைக்களத்தை ஹட்டனை அண்டிய றொசல்லயிலிருந்து நோக்கும்போது, அதனை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியவில்லை.

2012 ஏப்ரலில் ஹெயார்பிரெயின்ட் ஸ்கீம்ஸ் எனும் சிறு நிறுவனம், 'ஷடோரன் ரிட்டர்ன்ஸ்' என்ற விளையாட்டை உருவாக்குவதற்காகக் கிக்ஸ்டார்ட்டர் இணையத்தளத்தின் ஊடாகப் பொதுமக்களிடம் நிதி கோரியது. கேட்ட தொகை 4 இலட்சம் டொலர். 36,000 பேருக்கும் அதிகமானோர் சேர்ந்து வழங்கியதோ 18 இலட்சம் டொலருக்கும் மேல். இரண்டாவது கதை எந்த நகரில் நிகழவேண்டும் என்பதையும் பணம் கொடுத்தவர்களே வாக்களித்துத் தீர்மானித்தனர், பேர்லின் தெரிவாயிற்று. விளையாட்டு 2013 ஜூலையிலும் பேர்லின் கதை 2014இலும் வெளிவந்தன.

பலர் கூடிப் பணம் போட்டு ஒரு காரியத்தை முடிப்பது நமக்குப் புதிதன்று. தோட்டத்துக் கோயில் திருவிழாவும், நகரத்துப் பள்ளிவாசலின் கட்டட நிதியும், லயத்துச் சீட்டும் அவ்வாறு நடப்பவையே. வேறுபாடு தொகையில் உள்ளது. மேற்படி விளையாட்டுக்கு ஒருவர் கொடுத்தது சராசரியாக ஏறத்தாழ 50 டொலர். அன்றைய நாணய மாற்று விகிதத்தில் அது சுமார் 6,400 ரூபா. அப்போது தோட்டத் தொழிலாளியின் மொத்த நாட்சம்பளம், எல்லாக் கொடுப்பனவுகளும் சேர்ந்து, 515 ரூபா. பன்னிரண்டு நாட்கள் கொழுந்து பறித்தாலே ஈட்டக்கூடிய பணம் அது.

இனிக் கதைக்கு வருவோம். 'சைபர்பங்க்' எனப்படும் வகையைச் சேர்ந்த இக்கதையில், எதிர்கால உலகைப் பெருங்கம்பனிகள் ஆளுகின்றன. கம்பனியின் வளவுக்குள் நாட்டின் சட்டம் செல்லாது. கம்பனி வைத்ததே சட்டம். ஒவ்வொரு மனிதனுக்கும் ஓர் அடையாள இலக்கம் உண்டு. அந்த இலக்கம் இல்லாதவன் சட்டத்தின் கண்களில் மனிதனே அல்லன். அத்தகைய இலக்கமற்றவர்கள்தாம் பெரும்பாலும் கதையின் நாயகர்கள்.

அமெரிக்க வாசகனுக்கு இது அச்சமூட்டும் கற்பனை. மலையகத்தானுக்கோ பாட்டன் காலத்துக் குடும்பக் கதை. வீடும் வைத்தியமும் பிள்ளைக் காம்பராவும் தோட்டத்துக்கே உரியனவாக இருந்தன. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதுகூட 1970களின் பிற்பகுதியில்தான். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றோராக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டது. மனிதர் தொகை கணக்கேட்டின் இலக்கமாகியது அங்கேதான். எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேற 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. லயத்தில் வசிப்பவருக்குத் தனி முகவரி இல்லாத குறையோ அதன் பின்னரும் நீடித்தது.

இத்துயரம் தோட்டத் தொழிலாளருடன் நின்றுவிடவில்லை என்பதையும் மறத்தலாகாது. இந்திய வம்சாவளி முஸ்லிம் வர்த்தகர்களும் அதே சட்டங்களின் கீழ் தம் உரிமையை நிரூபிக்க வேண்டியவர்களாயினர்.

2023இல் மலையகம் 200 நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபயணம் இடம்பெற்றது. சிறுகதையும் நாவலும் நாடகமும் இவ்வரலாற்றைப் பேசியுள்ளன. எனினும், கைத்தொலைபேசியில் இரவிரவாக விளையாடும் இளைஞனிடம் அவனது மொழியில், அவனது ஊடகத்தில் இக்கதை இன்னும் போய்ச் சேரவில்லை. செய்ய முடியாத காரியமா இது? இந்தியாவின் போபாலைச் சேர்ந்த பைரோடக்டில் நிறுவனம், பஞ்சத்தில் வாடும் ஒரு பண்டைய இந்திய நகரைக் கற்பனை செய்து 'அன்ரெஸ்ட்' என்ற விளையாட்டுக்காக 2013இல் 3,000 டொலர் கேட்டது. கிடைத்தது 36,000 டொலருக்கும் மேல்.

இங்கே முதல் தடை வாசலிலேயே நிற்கிறது. கிக்ஸ்டார்ட்டரில் திட்டம் தொடங்க அனுமதிக்கப்பட்ட நாடுகளுள் இலங்கை இல்லை. கனடாவிலோ பிரித்தானியாவிலோ வாழும் தமிழர் ஒருவர் தம் பெயரில் தொடங்கினாலன்றி, றொசல்லயில் இருக்கும் இளைஞனுக்கு அவ்வழி அடைபட்டதே.

மற்ற வழி ஒன்று உண்டு. 'ஷடோரன் ரிட்டர்ன்ஸ்' விளையாட்டுடன், எவரும் தம் சொந்தக் கதையை அமைத்துக்கொள்ளும் கருவியும் சேர்த்தே வழங்கப்பட்டது. சிறு குழுவொன்றை வழிநடத்தி, ஒவ்வொரு முறையும் கைவசமுள்ள ஓரிரு நகர்வுகளை எண்ணி எண்ணிச் செலவிடுவதே அதன் ஆட்டமுறை. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடைப்பது அரிது. விண்ணப்பிக்க இறுதி நாள் 1951 ஆகஸ்ட் 5. மணமானவர் 1946 ஜனவரி 1க்கு முந்திய 7 ஆண்டுகளும், மணமாகாதவர் 10 ஆண்டுகளும் தொடர்ந்து இந்நாட்டில் வசித்ததை நிரூபிக்க வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண், அவள் கணவன், எழுதப் படிக்கத் தெரிந்த வாத்தியார், ஹட்டன் கடைத்தெருவில் கணக்கேடு வைத்திருக்கும் முஸ்லிம் முதலாளி ஆகிய நால்வர் ஒரு குழு. பதிவுச் சான்று தோட்டத்து அலுவலகத்தில் இருக்கிறது. அதைத் தேடி ஒரு நாள் போனால் அந்நாட் சம்பளம் இல்லை.