ஷேர் ஆட்டோவில் ஏறிப் பாருங்கள்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் அவர்களைச் சார்மினாருக்கும் கோல்கொண்டாவுக்கும் சாலார்ஜங் அருங்காட்சியகத்துக்கும் அழைத்துப் போகிறோம். ஹைதராபாத்தைப் பார்த்துவிட்ட திருப்தியோடு அவர்களும் ரயிலேறுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் இங்கேயே குடியிருக்கும் நாம் இந்த ஊரை எவ்வளவு பார்த்திருக்கிறோம்?

1967-இல் இ.சி.ஐ.எல்., 1971-இல் அணு எரிபொருள் வளாகம் எனத் தொழிற்சாலைகள் எழுந்தன. வேலைக்காகக் குஷாய்குடா பக்கம் வந்த நம்மவர்கள் பஸ்ஸிலும் சைக்கிளிலும் போய்வந்தே தெலுங்கு பேசக் கற்றார்கள். இன்று நம் பிள்ளைகள் பள்ளி வேனில் போகிறார்கள், காரில் திரும்புகிறார்கள். பக்கத்து வீட்டாரின் மொழி அவர்கள் காதில் விழுவதே இல்லை.

இதற்கு நான் கண்ட எளிய மருந்து, இ.சி.ஐ.எல். கிராஸ் ரோட்ஸில் நிற்கும் ஷேர் ஆட்டோ. ஒன்றில் கொமுரவெல்லி மல்லண்ணா படம், பிளாஸ்டிக் சாமந்தி மாலை. அடுத்ததில் பிறையும் 786-உம். இன்னொன்றின் முதுகில் சிரஞ்சீவி. ஒருநாள் என் பேத்தி, "தாத்தா, இந்த ரெண்டு அம்மனும் யாரு?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் எதிரே இருந்த பூக்கார அம்மாள், சம்மக்கா-சாரக்கா கதையைத் தெலுங்கில் ஆரம்பித்துவிட்டார். வரி கேட்ட காகதீய அரசை எதிர்த்து நின்ற பழங்குடித் தாயும் மகளும் அவர்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மேடாரத்தில் அவர்களுக்குப் பெரிய திருவிழா. நாங்கள் இறங்கும் இடம் வந்தபோதும் கதை முடியவில்லை!

வேறு நாடுகளிலும் இப்படித்தான். மணிலாவில் போருக்குப் பின் அமெரிக்கர் விட்டுச்சென்ற ஜீப்புகளே வண்ண ஜீப்னிகளாயின. நைரோபியில் மடாட்டு வண்டிகளெல்லாம் ஒரே மாதிரி மஞ்சள் பட்டை தீட்டிக்கொள்ள வேண்டும் என்று 2004-இல் கென்ய அரசு உத்தரவிட்டது. ஆனாலும் படங்கள் மீண்டும் வந்துவிட்டன. மக்கள் தங்கள் தெய்வத்தையும் நாயகனையும் எழுதிவைக்கும் சுவர் அது.

"நெரிசலாயிற்றே, ஆபத்தாயிற்றே" என்பீர்கள். நியாயம்தான். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தால் அதை விட்டுவிட்டு அடுத்த வண்டிக்குக் காத்திருங்கள். 2023 டிசம்பரில் அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அது நல்ல திட்டம். ஆனால் வருமானம் குறைந்துவிட்டதென்று ஆட்டோ ஓட்டுநர்கள் வீதிக்கு வந்து போராடினார்கள். நாம் ஏறுவது அவர்களுக்கும் ஒரு சிறு துணை.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறு தமிழ் வகுப்புப் பிள்ளைகளை, பெரியவர்கள் துணையோடு, மாதம் ஒருமுறை ஷேர் ஆட்டோவில் கீசரகுட்டா கோயிலுக்கும் மௌலாலி குன்றுக்கும் அழைத்துச் செல்லலாம். வண்டியின் முதுகிலுள்ள தெலுங்கு எழுத்துகளைப் பிள்ளைகள் கூட்டிக்கூட்டிப் படிக்கட்டும். தாய்மொழியை வீட்டில் காப்போம். வாழவைத்த ஊரின் மொழியை வீதியில் கற்போம். அடுத்த கூட்டத்தில் இதைப் பேசி முடிவு செய்வோமா?