வீட்டுக்காரனுக்குச் சேதி இல்லை!

பொம்மிடி ரயிலடியில் வண்டி ஏறுகிறான் நமது தொழிலாளத் தோழன். சட்டைப் பையிலே கைபேசி; அதற்குள்ளே அவன் கூலிப் பணம், ஆதார் எண், ஊர், பேர், அத்தனையும்! பொருள் அவனுடையது, பெட்டி கம்பெனியுடையது, காவல் டில்லியுடையது. பெட்டி உடைபட்டால் சேதி யாருக்கு?

2022 ஏப்ரல் 28-ல் டில்லியின் ‘செர்ட்-இன்’ அமைப்பு ஆணையிட்டது: கணினிக்குள் திருட்டு நடந்ததென்று தெரிந்த 6 மணி நேரத்துக்குள் கம்பெனிகள் எமக்குச் சொல்லவேண்டும், பதிவுகளை 180 நாள் காத்துவைக்க வேண்டும் என்று. நல்ல ஆணைதான், குறை கூறமாட்டோம். நேரம் போதாதென்று வெளிநாட்டு வர்த்தகச் சங்கங்கள் கடிதம் எழுதின. துரைத்தனத்தார் விளக்கம் தந்தனர்; சிறுதொழில்களுக்குத் தவணையும் தந்தனர். அரசும் தொழில்துறையும் ஒத்துழைக்கின்றனவாம்! ஒத்துழைக்கட்டும். பறிகொடுத்தவனுக்கு அந்த மேசையருகே ஒரு முக்காலியாவது போட்டார்களா? 2023 நவம்பரில் அந்த அமைப்பையே தகவல் உரிமைச் சட்டத்துக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டனர். ஊழல், மனித உரிமை மீறல் தவிர வேறெதையும் நாம் கேட்க முடியாது.

2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தவறிய கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம்! கேட்கும்போதே பூரிப்புத்தான். தண்டத் தொகை எங்கே போகும்? இந்தியத் தொகுப்பு நிதிக்கு! பறிகொடுத்தவன் பொம்மிடியிலே, பெற்றுக்கொள்பவர் டில்லியிலே! பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவு, கம்பெனியின் அசட்டையால் நட்டப்பட்டவன் இழப்பீடு கேட்க வழி வைத்திருந்தது. அந்த வழியை அடைக்கப் புதுச் சட்டமே ஏற்பாடு செய்திருக்கிறது. கம்பெனிகளுக்கு இது கசக்குமா என்ன?

2025 நவம்பரில் வந்த விதிகள், தரவு களவு போனால் உரியவனுக்கும் தாமதமின்றிச் சொல்லவேண்டும் என்கின்றன. வரவேற்கிறோம். ஆனால் அதற்கு 18 மாத அவகாசம். 2027 மே வரை! சேதி வரும்போது தமிழிலே வரவேண்டும். ஆங்கிலத்திலே வந்தால், கடன் தருகிறோம் என்று நாள்தோறும் வரும் விளம்பரத்தோடு அதையும் சேர்த்து அழித்துவிடுவான் நம் தோழன்.

43-ஏ நீக்கமும் அந்த அவகாசம் முடியும்போதுதான் நடப்புக்கு வரும். அதுவரை, கம்பெனியின் அசட்டையால் இழந்தவர்கள் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரிடம் 5 கோடி ரூபாய் வரை இழப்பீடு கோரி முறையிடலாம். கிளைக் கழகத் தோழர்கள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மாலையில் மன்றத்தில் உட்கார்ந்து அந்த மனுக்களை எழுதிக் கொடுக்க வேண்டும்.