எடைக்குப் போடும் முன் சாக்கை விலக்கிப் பாருங்க… உள்ளே இத்தாலி நிற்கலாம்!

ஜலகண்டாபுரம் மாதிரி தறிச் சத்தம் கேட்கும் ஊர்களில், சில வீடுகளின் மூலையில் சாக்கு போர்த்திய உருவம் ஒன்று நிற்கும். சாக்கை விலக்கினால் வெஸ்பா, லாம்ப்ரெட்டா, விஜய் சூப்பர், சேத்தக் என ஏதாவது ஒன்று இருக்கும். ஒரு காலத்தில் நூலையும் சேலைக்கட்டையும் சுமந்துகொண்டு தாரமங்கலத்துக்கும் சேலத்துக்கும் போய்வந்த வண்டி. இன்று அந்த வேலையை டி.வி.எஸ் எக்ஸ்.எல் பார்த்துக்கொள்கிறது. பழைய வண்டியைத் தேடி வரும் ஒரே விருந்தாளி காயலான் கடைக்காரர்தான். அவர் கணக்கில் அது சுமார் 100 கிலோ இரும்பு, அவ்வளவுதான்.

அந்த 100 கிலோவைத் தராசில் ஏற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்களைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

இத்தாலி வண்டி என்றதும் டுகாட்டி, மோட்டோ குஸி என்று யோசிப்பீர்கள். இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த அந்தக் காலத்தில் அதெல்லாம் நம் பக்கம் அபூர்வம். நம் தெருவுக்குள் இத்தாலி ஸ்கூட்டராகத்தான் வந்தது. கொஞ்சம் மொபெட்டாகவும் வந்தது. 1972-ல் கைனடிக் கொண்டுவந்த லூனா, பியாஜியோவின் 'சியாவ்' மொபெட்டை அடிப்படையாக வைத்துச் செய்ததுதான்.

1946-ல் வெஸ்பாவை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ ஒரு விமானப் பொறியாளர். ஹெலிகாப்டர் செய்தவர். மோட்டார் சைக்கிள் என்றாலே அவருக்குப் பிடிக்காது. அழுக்கு தெறிக்கிறது, டயர் மாற்றுவது பெரும் தொல்லை என்பதெல்லாம் அவருடைய புகார். அதனால்தான் வெஸ்பாவில் செயின் இல்லை, கால் வைக்க இடம் இருக்கிறது, முன் சக்கரத்தை ஒரு பக்கம் மட்டும் தாங்கிப் பிடிக்கும் ஃபோர்க் இருக்கிறது. ஸ்டெப்னியைச் சட்டென்று மாற்ற முடிந்தது அதனால்தான். வேட்டியும் சேலையும் கட்டுகிற ஊர்களுக்கு இந்த வண்டி இவ்வளவு பொருந்திப்போனதில், மோட்டார் சைக்கிளைப் பிடிக்காத அந்த மனிதருக்கும் பங்கு உண்டு!

அடுத்த வருடமே மிலானின் லாம்ப்ராத்தே பகுதியிலிருந்து லாம்ப்ரெட்டா வந்தது. இன்னோசென்டி நிறுவனத்துக்கு இரும்புக் குழாய்தான் மூலத் தொழில். அதனால் லாம்ப்ரெட்டாவின் எலும்புக்கூடு குழாய், வெஸ்பாவுக்கோ உடம்புத் தகடே எலும்புக்கூடு. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், துரு பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

இனிமேல்தான் நமக்கு முக்கியமான கதை. வெஸ்பாவை இங்கே பியாஜியோவின் உரிமத்தில் 1960களில் தயாரித்தது பஜாஜ். 1971-ல் உரிமம் முடிந்ததும், 1972 முதல் அதே பரம்பரையில் சேத்தக் வந்தது. 1980களில் கான்பூர் எல்.எம்.எல் மறுபடி பியாஜியோவோடு கைகோத்தது. லாம்ப்ரெட்டாவை முதலில் பம்பாயின் ஏ.பி.ஐ நிறுவனம் செய்தது. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1970களின் தொடக்கத்தில் இத்தாலியில் லாம்ப்ரெட்டா தயாரிப்பு நின்றுபோக, அந்தத் தொழிற்சாலையின் இயந்திரங்களையே இந்திய அரசு வாங்கி, லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கியது. பெற்ற ஊரில் நின்றுபோன வண்டி, லக்னோவில் 1990களின் பிற்பகுதி வரை வந்துகொண்டிருந்தது.

இதனால் என்ன ஆனது? இங்கிலாந்திலும் இத்தாலியிலும் லாம்ப்ரெட்டாவைக் கொண்டாடுகிறவர்கள் ஸ்பேருக்காக இந்தியாவைப் பார்க்க ஆரம்பித்தார்கள். இன்னும் பார்க்கிறார்கள். நம் வீட்டு மூலையில் தூங்குவது, மிலான் அச்சிலேயே வார்த்த இன்ஜினாக இருக்கலாம்.

முதல் கேள்வி: பம்பாயா, லக்னோவா?

ஸ்பேர் தேட ஆரம்பிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஏ.பி.ஐ வண்டிகள் இத்தாலியின் 'சீரிஸ் 2' மாடலைப் பின்பற்றியவை. அகலமான, உருண்ட உடம்பு. லக்னோவின் விஜய் சூப்பர், பிறகு வந்த ஜி.பி வகையைச் சேர்ந்தது. ஒல்லியான, கோடு போட்ட மாதிரி உடம்பு. ஒன்றின் சைடு பேனல் இன்னொன்றில் உட்காரவே உட்காராது. "லாம்ப்ரெட்டா பேனல் இருக்கு" என்று யாராவது சொன்னால், எந்த லாம்ப்ரெட்டா என்று கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள். வெஸ்பா பக்கம் கொஞ்சம் சுலபம். எல்.எம்.எல் பாகங்கள் பல, பியாஜியோவின் பி.எக்ஸ் மாடலோடு ஒத்துப்போகும். எல்.எம்.எல் மூடப்பட்ட பிறகும் அந்தச் சரக்கு கைமாறிக்கொண்டிருப்பது அதனால்தான்.

எல்லாப் பாகமும் தேடி அலைய வேண்டியவை இல்லை. கேபிள், பிஸ்டன் ரிங், கிளட்ச் பிளேட் போன்றவை கிடைத்துவிடும். டயர் 3.50-10 சைஸ், அதே 10 இன்ச்சில்தான் இன்றைய ஸ்கூட்டர்கள் பலவும் ஓடுகின்றன. கிடைக்காமல் உயிரை வாங்குவது சின்னச் சின்னச் சாமான்கள்: ஸ்பீடோமீட்டர், ஹாண்டில் லாக், முன்பக்கப் பெயர்ப் பட்டை, ஹெட்லைட் ரிம். காயலான் கடையில் முதலில் நசுங்கிப்போவதும் இவைதான். அதனால் ஆர்வலர்களுக்குள் காசைவிடப் பண்டமாற்று அதிகம். உங்களிடம் இரண்டு ரிம், என்னிடம் இரண்டு ஸ்பீடோமீட்டர், ஆளுக்கு ஒன்று. சென்னை புதுப்பேட்டை வரை போய்த் தேடுகிறவர்கள் உண்டு. ஆனால், நல்ல சரக்கு பெரும்பாலும் கடைக்கே வருவதில்லை. ஒரு வீட்டு மூலையிலிருந்து நேராக இன்னொரு வீட்டு மூலைக்குப் போகிறது.

போட்டோவை மட்டும் பார்த்து வாங்கும்போது, பாகத்தின் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுக்கச் சொல்லுங்கள். ஷாஃப்ட், புஷ் என்றால் வெர்னியர் அளவு கேளுங்கள். ஒரிஜினல் அளவு தெரிந்துவிட்டால் நம் பகுதியில் பாதிக் கவலை தீர்ந்தது. விசைத்தறிக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற லேத் பட்டறைக்காரருக்கு ஸ்கூட்டர் புஷ் ஒன்றும் பிரமாதமில்லை. மாதிரிக்குப் பழைய புஷ்ஷையும் கொண்டுபோங்கள். எவ்வளவு தேய்ந்திருந்தாலும் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். இன்ஜின் நம்பர் பொறித்த கேஸிங்கையோ, சேஸிஸ் நம்பர் உள்ள பாகத்தையோ, ஆர்.சி இல்லாமல் வாங்கவே கூடாது. விலை குறைவு என்பதற்காக வாங்கிவிட்டு ஆர்.டி.ஓ அலுவலகத்தில் விழிக்க வேண்டாம். நம்பரைத் தேய்த்து மறுபடி பொறித்த வண்டி, எவ்வளவு பளபளத்தாலும் உங்களுக்கு வேண்டாம்.

பளபளப்பு என்றதும் இன்னொன்று. வெளிநாட்டு ஸ்கூட்டர் வட்டாரத்தில் 'இந்திய ரீஸ்டோரேஷன்' என்றாலே ஒரு சந்தேகப் பார்வை உண்டு. துருப்பிடித்த தகட்டின் மேல் பட்டி பூசி, இரண்டு கலர் பெயின்ட் அடித்து ஏற்றுமதியான வண்டிகளால் வந்த கெட்ட பெயர் அது. வெஸ்பாவுக்கு உடம்பே எலும்புக்கூடு என்று சொன்னேன் அல்லவா? அங்கே தரைத் தகட்டில் துரு என்றால் முதுகெலும்பில் துரு என்று அர்த்தம். வாங்கும் முன் ஒரு சின்னக் காந்தத்தை உடம்பெங்கும் ஓட்டிப் பாருங்கள். காந்தம் நழுவுகிற இடத்தில் இரும்புக்கு மேல் பட்டி தடிமனாக இருக்கிறது.

இன்றைய பெட்ரோல், நேற்றைய இன்ஜின்

வண்டி கிடைத்துவிட்டது, ஸ்பேரும் கிடைத்துவிட்டது. அடுத்த எதிரி பங்க்கில் இருக்கிறது. இப்போது நாடு முழுக்க 20 சதவிகிதம் எத்தனால் கலந்த ஈ-20 பெட்ரோல். இந்த வண்டிகளை வடிவமைத்தவர்கள் கனவிலும் நினைக்காத திரவம் அது. எத்தனால் பழைய ரப்பரை உப்ப வைக்கும், இறுக வைக்கும். காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். பல நாள் ஓட்டாமல் நிறுத்தினால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும். சாதாரண வண்டிக்கே இது கெடுதல். டூ ஸ்ட்ரோக்குக்கு ஆபத்து. காரணம், இந்த இன்ஜினுக்குத் தனியாக ஆயில் கிடையாது, பெட்ரோலில் கலக்கிற ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் உயிர். அடியில் தங்குகிற அந்த நீர்க் கலவையில் ஆயில் கரையாது. அதை உறிஞ்சி ஓடினால் இன்ஜின் சீஸ் ஆகலாம்.

கிராங்க் ஷாஃப்டின் இரண்டு பக்க ஆயில் சீல்களும் அதே அளவுக்கு முக்கியம். சீல் இறுகி விரிசல் விட்டால் வெளிக்காற்று உள்ளே புகும், கலவையில் பெட்ரோல் குறையும், சூடு ஏறும். மெக்கானிக் கார்பரேட்டரையே நோண்டிக்கொண்டிருப்பார், நோயோ சீலில் இருக்கும். ஐடிலிங் தானாக ஏறி இறங்கினால் முதலில் சீலைச் சந்தேகப்படுங்கள். மாற்றும்போது 'விட்டான்' ரகம் கேளுங்கள், எத்தனாலைத் தாங்கும். பெட்ரோல் ட்யூபும் அப்படித்தான். ஆயில் அளவு மாடலைப் பொறுத்து லிட்டருக்கு 20 மில்லியிலிருந்து 40 மில்லி வரை மாறும், உங்கள் வண்டியின் அளவை ஒருமுறை உறுதிசெய்து டிக்கி மூடியின் உட்புறம் எழுதி ஒட்டிவிடுங்கள். நாலு நாளைக்கு மேல் வண்டியை எடுக்கப்போவதில்லை என்றால், பெட்ரோல் குழாயை மூடி, கார்பரேட்டர் காலியாகும் வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். மாதக்கணக்கில் என்றால் டேங்க்கையே வடித்துவிடுங்கள்.

(வண்டியை ஒரு பக்கம் சாய்த்து, நிமிர்த்தி, பிறகு உதைக்கும் அந்தத் தேசிய வழக்கம் ஞாபகம் இருக்கிறதா? கார்பரேட்டர் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் அது தேவைப்படாது. ஆனால் அப்பாக்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள்.)

நம்பரா, ஓட்டமா?

கடைசியாக, பலரும் தள்ளிப்போடுகிற காகித வேலை. தனியார் வண்டிக்கு முதல் 15 வருடம் முடிந்ததும், பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறையும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 20 வருடம் தாண்டிய இருசக்கர வாகனத்துக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்ட்டில் 2,000 ரூபாயாக உயர்ந்தது. இன்னொரு பாதையை மத்திய அரசு 2021-ல் திறந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, அசல் உருவம் மாறாமல் இருக்கும் வண்டியை 'வின்டேஜ்' என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் தாத்தா காலத்து நம்பரையே வைத்துக்கொள்ளலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? கொக்கி அடுத்த வரியில் இருக்கிறது. வின்டேஜ் வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய வண்டிகளின் பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பராமரிப்புக்கு என்று மட்டும்தான் வெளியே எடுக்கலாம்.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டது, "ஏங்கண்ணு, இருபதாயிரத்தையும் கட்டிப்போட்டு, வண்டிய மாடு மாதிரி வீட்லயே கட்டி வெக்கறதா?" எனக்கும் அவர் பக்கம்தான் சாய்வு. சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வர ஆசைப்படுகிறவர்களுக்குச் சாதாரணப் புதுப்பிப்பே போதும். கண்ணாடிப் பெட்டி மாதிரி வைத்துக் காப்பாற்ற நினைக்கிறவர்கள் வின்டேஜ் பக்கம் போகலாம். ஆனால், புதுப்பிக்கவும் செய்யாமல், ஒன்றுமே செய்யாமல் விடுவதுதான் இங்கே அதிகம். அதில் வண்டியும் போகும், நம்பரும் போகும்.

ஆர்.சி இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ-வுக்குத் தெரிவித்து, 3 மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது சட்டம். அதற்கு படிவம் 31. வருடங்கள் ஓடிவிட்டன என்றால், வாரிசுச் சான்றிதழோடு அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். பதிவைப் புதுப்பிக்க படிவம் 25. விற்றால் படிவம் 29, 30. இதெல்லாம் வேண்டாம், எடைக்கே போடுகிறேன் என்றாலும், வண்டியை அழித்த 14 நாளுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி-யை ரத்து செய்துவிடுங்கள். அதற்கும் முன்னால் ஸ்பீடோமீட்டர், பெயர்ப் பட்டை, ஹாண்டில் லாக், ஹெட்லைட் ரிம் நான்கையும் கழற்றி ஒரு துணியில் சுற்றி எடுத்து வையுங்கள். அவற்றைத் தேடிக்கொண்டு இன்னொரு ஊரில் ஒருவர் நிச்சயம் இருப்பார்.