மூன்றாவது நியூமோனியாவில்தான் கேட்டார்கள்

எனக்குத் தெரிந்த ஒருவர், நாற்பதைத் தாண்டாதவர், ஒரே வருடத்தில் இரண்டு தடவை நியூமோனியாவுடன் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். இரண்டு தடவையும் அன்டிபயோடிக் ஏற்றினார்கள், காய்ச்சல் இறங்கியது, துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். சீனி பார்த்தார்கள், சளியில் காசநோய் பார்த்தார்கள். எச்.ஐ.வி மட்டும் பார்க்கவில்லை. குடும்பஸ்தர், கோயில் காரியங்களில் முன்னுக்கு நிற்பவர். அவரிடம் அதைக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. மூன்றாம் தடவை, வேறோர் இடத்தில், ஓர் இளம் வைத்தியர் கேட்டார்.

எச்.ஐ.வி என்றால் உடல் மெலிந்து உருக்குலைந்த பிறகே நோய்கள் வரும் என்ற எண்ணம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. நியூமோகொக்கஸ் போன்ற சாதாரண பக்டீரியாக்கள் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. சி.டி.4 கலங்கள் ஓரளவு நல்ல எண்ணிக்கையில் இருக்கும்போதே நுரையீரலைத் தாக்கும். எண்ணிக்கை குறையக் குறைய ஆபத்துக் கூடும். புகைப்பவர்களுக்கு இன்னும் மோசம். 12 மாதங்களுக்குள் மீண்டும் வரும் நியூமோனியாவை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1993இலேயே எயிட்ஸ் வரையறைக்குள் சேர்த்துவிட்டது. அதாவது இது புதிய அறிவு அல்ல.

இலங்கைக்குச் செய்யத் தெரியாத காரியமும் அல்ல. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி தொற்றுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் நமக்குச் சான்றளித்தது. கர்ப்பிணிகள் எல்லோருக்கும், ஒழுக்கம் விசாரிக்காமல், குருதிப் பரிசோதனை செய்ததால் வந்த வெற்றி அது. அந்த வழமையை ஏன் மருத்துவ விடுதிகளுக்குக் கொண்டுவர முடியாது? நியூமோனியாவுடன் வரும் வயது வந்தோர் எல்லோரிடமும், சம்மதம் பெற்று, பரிசோதித்தால் 'என்னை மட்டும் ஏன்?' என்ற கேள்விக்கே இடமில்லை. வைத்தியருக்கும் சங்கடம் இல்லை.

தாமதத்தின் விலை பெரியது. சி.டி.4 எவ்வளவாக இருந்தாலும் உடனே சிகிச்சையைத் தொடங்கலாம் என்று 2015இலேயே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. நியூமோனியாவைக் குறைப்பதிலும் அந்த மாத்திரைகளுக்கே முதலிடம். தடுப்பூசியும் உதவும், ஆனால் எந்தத் தடுப்பூசி என்பதில் கவனம் வேண்டும்: உகண்டாவில் பழைய வகை பயன் தரவில்லை, மலாவியில் புதிய இணைப்பு வகை நன்றாகவே காத்தது.

அவருக்கு இப்போது மருந்து நடக்கிறது, இலவசமாக. கிளினிக்குக்கு மட்டும் அடுத்த மாவட்டத்துக்குப் போய் வருகிறார், ஊரில் ஒருவரும் காணக்கூடாதென்று. மனைவியின் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை.