கட்டொழுங்குப் பதிவேட்டில் இன்னொரு கட்டம் வேண்டும்



அமெரிக்கக் காற்பந்து நம் பள்ளித் திடல்கள் அறியாத விளையாட்டு. அதில், தொலைவிலிருந்து கையால் எறியப்படும் பந்தை ஓடிச் சென்று பற்றுபவரை 'வைட் ரிசீவர்' என்பர். அவர்களுள் தலைசிறந்தவராகப் பலரும் கருதுபவர் ஜெரி ரைஸ். அவருடைய மாணவப் பருவத்தை ஆசிரியர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

1962-இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த ரைஸ், செங்கல் கட்டும் கொத்தனார் ஒருவரின் மகன். தந்தையோடு வேலைக்குச் சென்று, சகோதரர்கள் கீழிருந்து வீசும் செங்கற்களை மேலே நின்று பிடித்துப் பழகியவர். உயர்நிலைப் பள்ளியில் ஒருநாள் வகுப்புக்கு மட்டம் போட்டார். பின்னால் வந்த பள்ளி நிர்வாகியைக் கண்டதும் ஓட்டம் பிடித்தார். பிடிபட்டபின் தண்டனை கிடைத்தது. ஆனால், அந்த நிர்வாகி அத்துடன் நிற்கவில்லை. மாணவனின் வேகத்தைக் காற்பந்துப் பயிற்றுநரிடம் எடுத்துரைத்தார். ரைஸ் திடலுக்கு வந்தது அப்படித்தான்.

முன்னணிப் பிரிவுப் பல்கலைக்கழகங்கள் அவருக்கு உபகாரச் சம்பளம் வழங்க முன்வரவில்லை. இத்தா பேனா என்னும் சிற்றூரிலுள்ள மிசிசிப்பி வேலி மாநிலப் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டது. கறுப்பின மாணவர்களுக்காக எழுந்த சிறிய கல்விக்கூடம் அது. அங்கே ஆர்ச்சி கூலி பயிற்றுவித்தார், வில்லி டாட்டன் பந்தை எறிந்தார், ரைஸ் பிடித்தார். 1984-ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் 27 டச்டவுன்கள். நான்கு ஆண்டுகளில் 301 முறை பந்தைப் பற்றி, 4,693 யார்டு கடந்து, 50 டச்டவுன்கள் எடுத்தார். அந்த 50 என்னும் சாதனை, அப்பிரிவில் 2006 வரை நிலைத்தது. 1985-இல் சான் பிரான்சிஸ்கோ 49-அர்ஸ் குழு அவரைத் தேர்ந்தெடுத்தது. தொழில்முறை ஆட்டத்தில் அவர் கடந்த 22,895 யார்டை இன்றளவும் எவரும் எட்டவில்லை.

இவ்வரலாற்றைப் படித்தபோது எனக்குப் பெருமிதத்தைவிட உறுத்தலே மிகுந்தது. பல ஆண்டுகளுக்கு முன், என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். ஓய்வு மணி முடிந்தும் வகுப்புக்குத் திரும்பமாட்டான். அவன் பெயரைக் கட்டொழுங்குப் பதிவேட்டில் ஏழெட்டு முறை எழுதியிருப்பேன். வகுப்புக்கு வராமல் அவன் எங்கே இருந்தான், என்ன செய்துகொண்டிருந்தான் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை, எனக்கும் தோன்றவில்லை.

மட்டம் போடும் மாணவர் எல்லாரும் ரைஸ் ஆகிவிடமாட்டார்கள் என்பீர்கள். உண்மைதான். தண்டனையே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. அந்த நிர்வாகியும் தண்டித்தவர்தாம். குற்றத்தைக் கண்ட அதே கண்ணால் திறமையையும் கண்டார், உரியவரிடம் சொன்னார். அவர் கூடுதலாகச் செய்தது அவ்வளவே. அதற்குச் செலவு ஏதுமில்லை.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதிவேட்டில் குற்றம், தண்டனை ஆகியவற்றுக்குப் பக்கத்தில், 'இம்மாணவர் எதில் வல்லவர்?' என்று ஒரு கட்டம் வரையுங்கள். அது வெறுமையாக இருந்தால், குறை மாணவரிடம் மட்டும் இல்லை.

பெற்றோர்களே, பள்ளியிலிருந்து புகார் வரும் நாளில், உங்கள் பிள்ளை வீட்டில் எதை விரும்பிச் செய்கிறான் என்பதையும் எங்களிடம் சொல்லுங்கள். செங்கல் பிடித்த கைகளை முதலில் அறிந்திருந்தது வீடுதானே?