சால்ட் லேக்கின் குளிர்ந்த காந்தம்

கே. எஸ். கிருஷ்ணன் என்ற பெயரைக் கேட்டதும் ராமனின் ஒளிச்சிதறல் ஆராய்ச்சிக்குத் துணைநின்றவர் என்றுதான் தமிழர் பெரும்பாலோர் நினைவுகூர்வர். ஆனால் வத்திராயிருப்பில் பிறந்த அந்த மேதை, 1933-இல் கல்கத்தாவுக்கு மீண்டும் வந்து, பௌபஜார் தெருவிலிருந்த விஞ்ஞானச் சங்கத்தில் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராக அமர்ந்து, மெல்லிய குவார்ட்ஸ் இழையில் ஒரு சின்னஞ்சிறு படிகத்தைத் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அது எவ்வளவு திரும்புகிறது என்று ஆண்டுக்கணக்கில் அளந்துகொண்டிருந்தார் என்பதை அறிந்தோர் சிலரே. அதே நகரத்தின் கிழக்கே, சால்ட் லேக்கில் நிற்கும் வேறொரு காந்தத்தைப் பற்றி எழுதப் புகும்போது, அளப்பதையே தவமாகக் கொண்டிருந்த அவர்தாம் முதலில் மனத்தில் வருகிறார்.

அங்குள்ள மாறுசக்தி சைக்ளோட்ரான் மையத்தில், மின்னேற்றமுள்ள துகள்களைக் காந்தப்புலத்தில் சுழற்றி வேகமேற்றும் இரண்டு பெரிய யந்திரங்கள் உண்டு. மூத்தது 1977 ஜூன் 16 அன்று முதன்முதலாகத் துகள்கற்றையைத் தந்தது. 262 டன் இரும்பும், 224 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள துருவங்களும் கொண்ட பூதம் அது. இளையதின் துருவம் 142 சென்டிமீட்டர்தான்; எனினும் அதன் சக்தி மூத்ததைவிடப் பன்மடங்கு பெரிது. உருவம் சுருங்க ஆற்றல் பெருகிய இந்த விந்தைக்குக் காரணம், அதன் கம்பிச்சுருள் திரவ ஹீலியத்தில், பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரி குளிரில் மூழ்கியிருப்பதே.

அவ்வளவு குளிரில் சில உலோகங்கள் மின்சாரத்துக்கு எவ்விதத் தடையும் காட்டுவதில்லை என்பதை 1911-இல் லைடன் நகரத்தில் பாதரசத்தை வைத்துக் கண்டவர் காமர்லிங் ஓன்ஸ். இனி வேண்டிய வலிமையுள்ள காந்தத்தைச் செய்துவிடலாம் என்று அவர் கனவு கண்டார். ஆனால் அவர் சுற்றிப் பார்த்த ஈயச்சுருள், சில நூறு காஸ் அளவில் காந்தப்புலம் எழும்பியதுமே தன் மீக்கடத்தும் குணத்தை இழந்துவிட்டது. நயோபியமும் டைட்டானியமும் கலந்த கம்பி கைக்கு வரும்வரை, ஏறக்குறைய அரை நூற்றாண்டு, அந்தக் கனவு கனவாகவே கிடந்தது.

கம்பி வந்தபின்னும் காரியம் எளிதாகிவிடவில்லை. நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் ஓடும் சுருளைக் காந்தப்புலம் தானே வெளிநோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில் ஒரு சுற்று இம்மியளவு நழுவினாலும் உராய்வால் சிறிது உஷ்ணம் பிறக்கிறது. அக்கடுங்குளிரில் உலோகத்தின் வெப்பத்தைத் தாங்கும் திறனோ மிகச் சொற்பமாதலால், அச்சிறு உஷ்ணமே அவ்விடத்தைச் சாதாரண உலோகமாக்கி, அது அக்கம்பக்கத்தைச் சுட்டு, நொடிப்பொழுதில் காந்தம் முழுவதையும் செயலிழக்கச் செய்து, திரவ ஹீலியத்தை ஏறக்குறைய எழுநூறு மடங்கு பருமனுள்ள வாயுவாகப் பொங்கச் செய்துவிடும். இதைத் தொழில் தெரிந்தவர்கள் ‘க்வென்ச்’ என்பார்கள். 2008 செப்டம்பர் 19 அன்று ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில், இரண்டு காந்தங்களை இணைத்த ஒரே ஓர் இணைப்பு பழுதாக இருந்ததால், பல டன் ஹீலியம் சுரங்கத்தில் கொட்டி, ஐம்பதுக்கும் மேற்பட்ட காந்தங்கள் சேதமுற்று, உலகத்தின் மிகப் பெரிய யந்திரம் ஓராண்டுக்கு மேல் நின்றுபோயிற்று. அதே யந்திரத்துக்கென்று இந்தியா 1,700-க்கும் மேற்பட்ட சிறிய மீக்கடத்திக் காந்தங்களைச் செய்தனுப்பியிருந்தது என்பதை இடையே சொல்லிவைக்கிறேன்.

இனிக் கொல்கத்தாவுக்கு வருவோம். 2005-இல் இளைய யந்திரத்தின் சுருளைக் குளிர்வித்து மின்சாரம் ஏற்றினார்கள், காந்தம் நிலைத்து நின்றது. 2009 ஆகஸ்டில் யந்திரத்தினுள்ளே நியான் அயனிகள் சுற்றிச்சுற்றி விளிம்புவரை வந்தன, பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் விளிம்பை எட்டிய கற்றை வெளியே வர மறுத்தது. ஐம்பதாயிரம் காஸ் அளவுள்ள புலத்தில் ஒரு பக்கம் சில பத்துக் காஸ் கூடி மறுபக்கம் குறைந்தாலே சுழலும் துகள்களின் மையம் விலகிவிடும்; அத்தகைய பிசகொன்று காந்தத்துக்குள் ஒளிந்திருந்தது. மூடிய யந்திரத்தைத் திறந்து, புலத்தைப் புள்ளி புள்ளியாக மறுபடியும் அளந்து, பிழையைத் திருத்தி, கற்றையை வெளியே கொணர்வதற்குள் பத்தாண்டுக்கும் மேலாகிவிட்டது. அந்த ஆண்டுகளில் எந்தப் பத்திரிகையும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. என் போன்றவர்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

பொதுப்பணம் இத்தனை காலம் முடங்கலாமா என்று கேட்பவர்களை நான் குறைகூற மாட்டேன்; கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஆனால் அவர்கள் ‘தாமதம்’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடும் அந்தக் காலத்தை அலசிப் பார்த்தால், அதில் பெரும்பகுதி சோம்பலில் கழிந்ததன்று, அளவையில் கழிந்தது என்பது விளங்கும். இதே நகரத்தில் இயற்பியலாளர் மேகநாத சாஹா நாட்டின் முதல் சைக்ளோட்ரானைக் கட்ட முனைந்தபோது, அதற்கான வெற்றிடப் பம்புகளை ஏற்றிவந்த கப்பல் இரண்டாம் உலக யுத்தத்தில் மூழ்கிப்போய், அம்முயற்சி பல ஆண்டுகள் இழுத்துக்கொண்டே போயிற்று; அதை இன்று எவரும் அவமானமாகச் சொல்வதில்லை. யுத்தத்தின்மேல் பழிபோட முடிந்த தாமதத்தை மன்னிக்கும் நாம், இயற்கையின் நுட்பத்தால் நேர்ந்த தாமதத்தை மட்டும் மன்னிக்க மறுப்பது நியாயமன்று.

என் குறை வேறிடத்தில் இருக்கிறது. காந்தத்தை வடிவமைப்பதற்கும் கட்டுவதற்கும் பணமும் கெடுவும் குறிக்கும் நம் திட்டங்கள், சோதிப்பதை மட்டும் திறப்புவிழாவுக்கு முந்தைய சில்லறை வேலையாகவே எண்ணிவிடுகின்றன. சால்ட் லேக்கில் பிழையைத் தேடிக் கண்டவர்களின் அனுபவம், அவர்கள் ஓய்வுபெறுவதோடு கரைந்துபோகாமல், எங்கே தவறினோம், எப்படிக் கண்டோம் என்று வங்காளத்திலும் தமிழிலும் சாதாரண மனிதன் படிக்கும்படி எழுதப்பட வேண்டும். அடுத்த யந்திரத்துக்கான மதிப்பீட்டுத் தாளில், அளப்பதற்கும் அவிழ்த்து மீண்டும் அளப்பதற்குமென்று தனியாக ஒரு தொகையையும் சில ஆண்டுகளையும் அணுசக்தித் துறையார் முன்கூட்டியே எழுதிவைக்கட்டும்.