சூதாட்ட மாளிகையில் மெத்தையை விரிப்பது யார்?

அமெரிக்க நாட்டின் நெவாடா மாநிலத்தில், பாலைவனத்தின் நடுவே, லாஸ் வேகாஸ் என்றொரு நகரம் இருக்கிறது. அதன் 'ஸ்ட்ரிப்' என்னும் பெருவீதியிலுள்ள காசினோ ஹோட்டல்களைப் பற்றி எழுதப் புகுந்தால், முதலாளித்துவப் பத்திரிகைகளின் பேனா தேனில் தோய்ந்துவிடும். பளிங்குத் தரை, ஆடும் நீரூற்று, விடிய விடிய விருந்து! அங்கே ஓர் இரவாவது தங்காதவன் பிறந்தும் பயனில்லை என்பது போல விளம்பரங்கள் கூவுகின்றன.

நாமும் அந்த மாளிகைக்குள் நுழைந்து பார்ப்போம். ஆனால் விருந்தாளி நுழையும் முன்வாசலோடு நின்றுவிட வேண்டாம். தொழிலாளி நுழையும் பின்வாசலையும் பார்ப்போம்.

முன்வாசலில் என்ன காண்கிறோம்? அறைச் சாவியை வாங்கிக்கொண்டு லிப்டுக்குப் போகவேண்டுமானால், பெரும்பாலான ஹோட்டல்களில் சூதாட்டக் கூடத்தைக் கடந்துதான் போகவேண்டும். சாப்பிடப் போனாலும் அதே வழி. திரும்பி வந்தாலும் அதே வழி. கூடத்தில் ஜன்னலைத் தேடினாலும் கிடைக்காது, கடிகாரத்தைத் தேடினாலும் கிடைக்காது. வெளியே பொழுது விடிந்ததா, சாய்ந்ததா என்று ஆடுகிறவனுக்குத் தெரியக் கூடாது. அறையும் மெத்தையும் விருந்தும் தூண்டிலின் நுனியிலுள்ள புழு. கொக்கி இந்தக் கூடத்தில் இருக்கிறது.

'அதிர்ஷ்டம் இருந்தால் ஜெயிக்கலாம்' என்கிறார்கள். கணக்கைப் பார்ப்போம். அமெரிக்க ரூலெட் சக்கரத்தில் 38 குழிகள்: 1 முதல் 36 வரை எண்கள், அவற்றோடு ஒரு பூஜ்யம், ஓர் இரட்டைப் பூஜ்யம். ஓர் எண்ணில் ஒரு டாலர் வைத்து அந்த எண் விழுந்தால் 35 டாலர் லாபம் தருகிறார்கள். 38 எண்களிலும் ஒவ்வொரு டாலர் வைத்தால் என்ன ஆகும்? வைத்தது 38, வைத்த டாலரும் சேர்ந்து திரும்பி வருவது 36. மீதி 2 மாளிகைக்கு. நூறு டாலருக்கு 5 டாலர் 26 சென்ட்! இது போதாதென்று சில கூடங்களில் மூன்றாவது பூஜ்யம் ஒன்றையும் சக்கரத்தில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே நூற்றுக்கு 7 டாலர் 69 சென்ட். இதற்கு மோசடி எதுவும் வேண்டியதில்லை. சக்கரம் நேர்மையாகச் சுற்றினாலே போதும். நேரம் ஆக ஆக மாளிகை ஜெயிக்கும், ஆடுகிறவன் தோற்பான். அதனால்தான் கடிகாரம் இல்லை!

இனிப் பின்வாசலுக்கு வருவோம்.

இந்த மாளிகைகளில் யார் தங்கலாம் என்பதே ஒரு காலத்தில் தோலின் நிறத்தைக் கொண்டு தீர்மானிக்கப்பட்டது. 1940களில் சாமி டேவிஸ் ஜூனியர் போன்ற நீக்ரோ கலைஞர்கள் மேடையேறி ஆடிப் பாடுவார்கள். வெள்ளைக்காரச் சீமான்கள் கைதட்டுவார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் அதே கலைஞர்களுக்கு அந்த ஹோட்டலில் படுக்க இடமில்லை. நகரத்தின் மேற்குப் பகுதியிலிருந்த சேரிக்குப் போய்த்தான் தங்கவேண்டும். அவர்களுடைய கலை விலைபோயிற்று. அவர்கள் தலைசாய்க்க ஒரு தலையணை கிடைக்கவில்லை. 1960 மார்ச்சில், பல்வைத்தியர் ஜேம்ஸ் மக்மில்லன் தலைமையில் நீக்ரோ மக்களின் ஸ்தாபனம், ஸ்ட்ரிப் வீதியில் கண்டன ஊர்வலம் நடத்துவோம் என்று எச்சரித்தது. வியாபாரம் கெடும் என்று கண்டதும் முதலாளிகளுக்கு ஞானோதயம் பிறந்தது. மார்ச் 26ந் தேதி, மூலான் ரூஜ் என்ற ஹோட்டலில் நடந்த பேச்சுவார்த்தையில் நிறத்தடை கைவிடப்பட்டது. கருணையால் திறந்த கதவல்ல அது; மக்கள் தட்டியதால் திறந்த கதவு.

இன்று அந்த அறைகளைக் கூட்டிப் பெருக்கி மெத்தை விரிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பலர் வேறு நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களுக்கு 1935ல் தோன்றிய ஒரு சங்கம் இருக்கிறது: சமையல் தொழிலாளர் சங்கம், 226வது கிளை. சமையல்காரர், பரிமாறுவோர், பெட்டி தூக்குவோர், அறை துப்புரவு செய்வோர் என்று சுமார் 60,000 பேர் அதில் அங்கத்தினர்கள்.

இந்தச் சங்கத்தின் உறுதிக்கு ஒரே ஓர் உதாரணம் போதும். 1991 செப்டம்பர் 21ந் தேதி பிராண்டியர் ஹோட்டலின் 550 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரு மாதமல்ல, ஒரு வருஷமல்ல, ஆறு ஆண்டு நான்கு மாதம்! பாலைவன வெய்யிலிலும் குளிரிலும் இரவும் பகலும் வாசலில் மறியல் நடந்தது. 550 பேரில் ஒருவர் கூட மறியலைத் தாண்டி வேலைக்குப் போகவில்லை. கடைசியில் ஹோட்டலை விற்றுவிட்டு நகர்ந்தவர் முதலாளிதான். 1998 பிப்ரவரி முதல் தேதி தொழிலாளர்கள் வெற்றி முழக்கத்தோடு உள்ளே நுழைந்தார்கள். அந்தக் கட்டடத்தை 2007ல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். கட்டடம் போயிற்று, போராட்டத்தின் பாடம் நிற்கிறது.

பாடம் பழசாகிவிடவில்லை. கொரோனாக் கொள்ளைநோயின்போது, 2020 மார்ச்சில், நெவாடாவின் காசினோக்கள் யாவும் மூடப்பட்டன. ஏப்ரலில் அந்த மாநிலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேர் வேலையற்று நின்றார்கள். ஜூன் 4ந் தேதி மாளிகைகள் திறந்தன. சூதாட்டம் உடனே திரும்பியது, தொழிலாளர்கள் அத்தனை பேரும் திரும்பவில்லை. அறையைத் தினமும் சுத்தம் செய்யவேண்டும் என்று அந்த ஆகஸ்டில் ஒரு சட்டம் வந்தது. நோய் தணிந்ததும், 2023ல், முதலாளிகளின் விருப்பப்படி அந்த விதி நீக்கப்பட்டது.

தினசரி துப்புரவு என்பது அற்ப விஷயமல்லவா என்று சிலர் நினைக்கக்கூடும். அல்லவே அல்ல! மூன்று நாள் பெருக்காத அறையில் மூன்று நாள் குப்பை, மூன்று நாள் ஈரத் துண்டு, மூன்று நாள் குளியலறை அழுக்கு. நாளுக்கு இத்தனை அறை என்ற கணக்கு மட்டும் மாறாது. ஆள் குறைகிறது; மிஞ்சியவளின் முதுகு ஒடிகிறது. மிச்சமான கூலி லாபக் கணக்கில் ஏறுகிறது. 'சுற்றுச்சூழலைக் காக்கிறோம்' என்று அதற்கு ஓர் அழகான பெயரும் சூட்டுகிறார்கள்.

சட்டம் கைவிட்டதைச் சங்கம் மீட்டது. 2023 நவம்பரில் மூன்று பெரிய கம்பெனிகளின் 18 ஹோட்டல்களில், சுமார் 35,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்தார்கள். கெடு முடியும் வேளையில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தினசரி அறைத் துப்புரவு, கணிசமான சம்பள உயர்வு, யந்திரங்கள் வந்து வேலை பறிபோவதற்கு எதிரான பாதுகாப்பு யாவும் அதில் அடங்கின. தனியாக ஓர் அறைக்குள் செல்லும் பெண் தொழிலாளி, ஆபத்து வந்தால் உதவிக்கு அழைக்கும் பொத்தானை 2018 ஒப்பந்தத்திலேயே பெற்றிருந்தாள். கால் நூற்றாண்டு காலம் சங்கத்தை வாசற்படி ஏற விடாத வெனீஷியன் ஹோட்டலிலும் 2024ல் முதல் ஒப்பந்தம் வந்தது.

இங்கே வாசகர்கள் நம்மை ஒன்று கேட்கலாம்: "சூதாட்டத்தைக் கண்டிக்கிறீர்கள். அதை நம்பிப் பிழைக்கும் தொழிலாளியை ஆதரிக்கிறீர்கள். இது முரண்பாடல்லவா?"

நியாயமான கேள்வி. அந்தச் சம்பளப் பணம், இன்னொரு தொழிலாளியின் சட்டைப் பையிலிருந்து சக்கரம் கறந்த பணமாகவும் இருக்கலாம். இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. கியூபாவில் இந்தப் பிரச்னை நேருக்கு நேர் எழுந்தது. 1959 ஜனவரியில் புரட்சி வென்றதும் மக்கள் ஹவானாவின் காசினோக்களுக்குள் புகுந்து மேஜைகளை உடைத்தார்கள். புதிய சர்க்காரும் அவற்றை மூடியது. ஆனால் அங்கே வேலை பார்த்தவர்கள், "எங்கள் அடுப்பு எப்படி எரியும்?" என்று கேட்டார்கள். சில வாரங்களிலேயே காசினோக்கள் தற்காலிகமாகத் திறக்கப்பட்டன. பின்னர்தான் அடியோடு மூடப்பட்டன. புரட்சி சர்க்காரே அந்தக் குரலுக்குக் காதுகொடுக்க வேண்டியிருந்தது.

குற்றம் மெத்தை விரிக்கும் கையில் இல்லை. உழைப்பாளிக்கு வேறு வழி வைக்காமல், பாலைவனத்து நகரம் ஒன்றைச் சூதாட்டச் சக்கரத்தில் கட்டிவைத்த ஏற்பாட்டில் இருக்கிறது. சூதாட்டத்தை ஒழிக்க விரும்புகிறவன், முதலில் அந்தத் தொழிலாளிக்கு நல்ல வேலை ஒன்றைக் காட்டவேண்டும். அதுவரை அவளுடைய கூலியையும் மானத்தையும் காக்கும் சங்கத்தின் பக்கம் நிற்கவேண்டும்.

காசினோ வந்தால் வேலை வரும், வளம் கொழிக்கும் என்று பல நாடுகளில் இன்று ஆசை காட்டுகிறார்கள். அவர்களுக்கு லாஸ் வேகாஸ் தரும் பதில் இதுதான்: காசினோ கொண்டுவந்தது வேலையை மட்டுமே, அந்த வேலையில் மனிதனாக நிமிர்ந்து நிற்கும் உரிமையைக் கொண்டுவந்தது, ஆறு ஆண்டு வாசலில் நின்ற அந்த 550 பேரின் ஐக்கியம்!